நாச்சிவலசு பிரிவு, கி.மீ. 41 முதல் 44 வரை

நால்வழிச் சாலை வருகிறது.
ஓரத்தில் நட்டு நிற்பவை எவை,
யாருடையவை, என்ன மதிப்பு?
மரத்துக்குத் தனிப் படிவம். சாமிக்குத் தனி.
எனக்கு வாய்த்தது கல்.

பச்சைத் தொப்பி போட்டது முதலில்: தாராபுரம் 18.
அதன் முதுகுக்குப் பின்னால்
கொழுக்கட்டைப் புல்லுக்குள் இன்னொன்று,
வெள்ளைக்காரன் காலத்து மைல், தமிழ் எண்ணில்: ௰௧.
கிட்டத்தட்ட ஒரே தூரம்தான் இரண்டும்.
ஆனாலும் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் மாதிரி
ஒன்றுக்கொன்று முதுகு காட்டி நிற்கின்றன.
மதிப்பு: தலா நூற்றைம்பது.

கிளுவை வேலியில் சாய்ந்திருக்கிறான்
வாள் ஓங்கிய ஒருவன்.
தலைக்கு மேல் மூன்று வரி வட்டெழுத்து.
தாளை ஒட்டி மை ஒற்றிப் பார்த்த தொல்லியல்காரர்
போனில் சொன்னார்:
தொறு மீட்டுப் பட்டிருக்கிறான்.
மாடு எத்தனை என்பது தெளிவாக இருக்கிறது,
பெயர்தான் உடைந்துவிட்டது.
கொறங்காட்டுக்காரி பழனாத்தாள் வந்து
அவன் தோளில் கைவைத்து நின்றாள்.
"எங்க வேலீல நிக்கறான், எங்களுதுதானுங்.
பணம் எப்ப வரும்?"

வாய்க்கால் பாலத்துக் கல்வெட்டில்
திறந்து வைத்தவர் பெயர் மேல் சிமெண்டுப் பூச்சு.
அதை ஆணியால் சுரண்டி
இரண்டெழுத்து மீட்டிருக்கிறார் யாரோ.
மறுபடி பூச்சு. மறுபடி சுரண்டல்.
எத்தனை தேர்தல் போயிற்று என்பதை
நகத்தால் தட்டியே சொல்லிவிடலாம்.
அணை கட்டியவர்கள், மண் சுமந்தவர்கள்
பூசி மறைக்கவேனும்
பெயர் இருந்திருக்க வேண்டுமே.

நாற்பத்திரண்டில் சுமைதாங்கி.
இரண்டு கல் நின்று ஒரு கல் படுத்திருக்கிறது.
வயிற்றுப் பிள்ளையோடு செத்துப் போனவளுக்காக வைப்பார்கள்.
எவள், எந்த வருசம், ஒன்றும் வெட்டவில்லை.
அவள் இறக்கி வைக்காததை
போகிறவர் வருகிறவரெல்லாம் இறக்கி வைத்தார்கள், அவ்வளவுதான்.
நான் அளந்துகொண்டிருக்கும்போதே
பொக்லைன் ஓட்டும் ஒடிசாப் பையன் வந்தான்.
என்ன ஏது என்று கேட்கவில்லை.
தோளிலிருந்த தண்ணீர் கேனை அதன்மேல் இறக்கி
மூச்சு விட்டான்.
வட்டெழுத்துக்கு ஆள் தேவைப்பட்டது.
இதைப் படிக்க ஒரு தோள்வலி போதும்.

யாருடையது என்ற கட்டத்தில்
வெகுநேரம் பேனாவை வைத்திருந்தேன்.

பிறகு, 42.6.
இங்கே ஒன்றுமில்லை என்று நான் நடந்தேன்.
நாடாவின் மறுமுனை மட்டும் வரவில்லை.
திரும்பினால் ஆறுச்சாமி,
இருபது வருசமாகச் சங்கிலி பிடிக்கும் ஆள்,
வெறும் தரையைப் பார்த்து நிற்கிறார்.
"இங்கதானுங் எங்கப்பன் சைக்கிள விட்டு எறங்குவாரு.
அந்த வேலாமரம் வரைக்கும் தள்ளீட்டுப் போயி
அப்பறம் ஏறோணும்."
யார் சொன்னது, எங்கே எழுதியிருந்தது என்று கேட்டேன்.
என்னைப் பார்த்துச் சிரித்தார்.
"எழுதி வெச்சிருந்தா
எங்கப்பனுக்குப் படிக்கத் தெரியாதுங்களே."

படிவத்தில் அதற்கு வரிசை இல்லை.
குறிப்பு என்ற கட்டத்தில் எழுதினேன்:
42.6. கல் இல்லை. எல்லை உண்டு.
ஆழம் தெரியவில்லை.
கோட்டப் பொறியாளர் அடித்துவிட்டு
கையெழுத்துப் போடுவார் என்று தெரியும்.
என் பாட்டனும் அந்த வேலாமர நிழலில்தான்
கட்டில் போட்டுப் படுத்திருப்பாராம்.
அதை நான் எழுதவில்லை.

சாயங்காலம் டி.வி.எஸ்.ஸில் திரும்பினோம்.
ஆறுச்சாமி ஓட்டினார், நான் பின்னால்.
நூற்பாலைப் பேருந்து ஒன்று ஹாரன் அடித்தபடி தாண்டிப் போயிற்று.
நாற்பத்து மூன்று.
வாய்க்கால் பாலம்.
வேலாமரம்.
அந்த இடம் வந்ததும்
வண்டி நிற்கவில்லை, வேகமும் குறையவில்லை.
அவருடைய இடது கால் மட்டும்
ஒரு கணம் மிதியை விட்டிறங்கித்
தரையைத் தேடியது.